தொண்ணூறு வினாடி, தொண்ணூற்றாறு பேர்

மார்ச் 3

காலையில் கூட்டம். பிரிவுத் தலைவர் மியாவ், ஏற்றுமதிக்குப் போகும் நான்கு படைச் சரக்கு விமானங்களின் ஏற்புப் பட்டியலை மேசையில் விரித்தார். முந்நூற்றுப் பதினான்கு வரிகள். முந்நூற்றுப் பதின்மூன்றுக்கு நேரே கையெழுத்து விழுந்துவிட்டது. மிச்சம் ஒன்று, அது என் தலையில்.

வாங்குகிற நாட்டிலிருந்து வந்திருக்கும் விங் கமாண்டர் தன்லாமி கேட்பது இதுதான். சிப்பாய்கள் இல்லாமல் சாதாரண ஜனங்கள், கிழவர் கிழவிகள் உட்பட தொண்ணூற்றாறு பேரை உட்கார வைக்க வேண்டும். பெல்ட் போட வேண்டும். கதவுகளில் பாதியை அடைத்துவிட வேண்டும். மணி அடித்ததும் தொண்ணூறு வினாடிக்குள் எல்லாரும் தரையில் நிற்க வேண்டும். "எங்க ஊர்ல இந்த விமானம் சண்டைக்குப் போறதவிட வெள்ளத்துக்குத்தான் அதிகம் போகும்" என்றாராம். நியாயம்தான். இருபது வருடமாகப் படை வீரர்களை வைத்தே சோதித்துவிட்டோம். குதி என்றால் குதிக்கிறவர்கள். குதிக்க முடியாதவரை யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஏப்ரல் கடைசிக்குள் கையெழுத்து வராவிட்டால் அவர்கள் வேறு தேசத்து விமானத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த விலைப்புள்ளி ஏற்கெனவே அவர் பையில் இருக்கிறது. அவர்கள் போனால், அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்து இரண்டு நாடுகளும் போகும். ஷியான் ஆலை செய்யும் பெரிய ஜெட் விமானத்துக்கு நம் சீன விமானப்படையே வரிசையில் நிற்கிறது. நம்முடையது புரொப்பெல்லர் விசிறி வைத்த நடுப்பிள்ளை, கேட்பாரில்லை. வெளியே விற்றால்தான் இரண்டாவது கொட்டகையில் வேலை இருக்கும்.

என்ஜின்காரர்கள் என்னை "மெத்தை தைக்கிறவ" என்பார்கள். இருக்கை, பெல்ட், கதவு, ஏணி எல்லாம் என் வேலை. இன்று யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுவே பயமாக இருந்தது.

மார்ச் 5

தொண்ணூற்றாறு சாதாரண ஜனங்களுக்கு எங்கே போவது? வீட்டிலேயே விடை இருந்தது. என் மாமியார் தோங் குயிச்சின், எழுபத்தொரு வயது. இதே ஆலையில் முப்பது வருடம் விமானத் தகடுகளுக்கு ரிவெட் ஆணி அடித்தவர். இப்போது குடியிருப்பின் மைதான நடனக் குழுவுக்குத் தலைவி. அவர் கை தட்டினால் எண்பது பெண்கள் வருவார்கள், அவர்களுடைய வீட்டுக்காரர்கள் பின்னாலேயே வருவார்கள்.

என் கணவர் வேறொரு நாட்டில் நம் விமானங்களைப் பராமரிக்கப் போய் ஒன்பது மாதமாகிறது. வீட்டில் அத்தையும் நானும்தான். சண்டையும் இல்லை, ஒட்டும் இல்லை. ரிவெட் அடித்தவர் கண்ணுக்கு, பெல்ட் தைக்கிறவள் வேலை ஒரு வேலையா என்ன.

கேட்டதும் அத்தை சொன்னது: "இவ்ளோதானா? ஏறி உக்காரணும், மணி அடிச்சா எறங்கணும். எங்க ஆளுங்க நிலாவுக்கே போய்ட்டு வருவாங்க."

"சாதாரணமா வந்தா போதும் அத்தை. எதுவும் தயார் பண்ண வேண்டாம்."

"எனக்குச் சொல்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இந்த ஆலையில கால் வெச்சவ."

உடனே ஒப்புக்கொண்டாரே, அதற்கு நன்றி. வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 9

ஆலை உணவகத்துக்குப் பின்னால் தரை முழுக்கச் சுண்ணாம்புக் கோடு. பிள்ளைகளின் பாண்டி ஆட்டம் போல. இவ்வளவு நீளப் பாண்டி நான் பார்த்ததில்லை.

மார்ச் 14

நாலு நாளாக அத்தை சாப்பாட்டுக்குத் தாமதமாக வருகிறார். முகம் சிவந்திருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறார். புளித்த முட்டைக்கோஸ் போட்டுப் பன்றிக்கறி குழம்பு வைத்திருந்தார். எனக்குப் பெரிய கிண்ணம். "நல்லா சாப்புடு, பதினெட்டாம் தேதி சோதனைக்குத் தெம்பு வேணும்." இவரை எவ்வளவு குறைவாக நினைத்திருந்தேன்.

மார்ச் 18

எப்படி எழுதுவது. ஐயோ.

கொட்டகையில் ஜன்னல்களை மறைத்து இருட்டாக்கியிருந்தோம். மூன்றாவது விமானம். தொண்ணூற்றாறு பேரும் ஏறினார்கள். தன்லாமி கையில் கடிகாரம். பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண். மணி அடித்தது.

அறுபத்தொரு வினாடி.

யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, பின்கதவுச் சரிவில் இரண்டு இரண்டாக, எல்லார் வலது காலும் ஒரே நேரத்தில் தரையில் பட இறங்கினார்கள். உள்ளேயிருந்து முணுமுணுப்பு வந்துகொண்டே இருந்தது: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு." எல்லார் காலிலும் சிவப்புத் துணிச் செருப்பு. கடைசியாக வந்தவர் திரும்பி நின்று கை தட்ட, மொத்தக் குழுவும் கை தட்டியது!

மியாவ் துள்ளினார். தன்லாமி வயிறு குலுங்கச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு சொன்னார்: "அருமையான அணிவகுப்பு. எங்க சுதந்திர தினத்துக்குக் கூட இப்படி யாரும் நடந்ததில்ல. இப்ப எனக்கு உயிருக்குப் பயந்து ஓடறதைக் காட்டுங்க."

கையெழுத்துப் போடவில்லை.

பாண்டி ஆட்டமாம். விமானத்தின் உள்வரைபடம் அது! உணவகத்து பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, பாட்டு வைத்து, பத்து நாளாக ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். மொத்தக் குடியிருப்புக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

மார்ச் 19

அத்தையிடம் கத்திவிட்டேன். "வேண்டாம்னு சொன்னேன்ல? ஏன் அத்தை இப்படி?"

அவர் அசரவில்லை. "மேலதிகாரி வந்தா நாங்க என்னிக்கு ஒத்திகை இல்லாம நின்னிருக்கோம்? பூந்தொட்டி வெக்கறதுக்குக்கூட ஒத்திகை நடக்கும். வெளிநாட்டுக்காரன் முன்னாடி ஆலை மானம் போகணுமா? அறுபத்தொண்ணு வந்துச்சா இல்லையா?"

கோபம் அப்படியே வடிந்துவிட்டது. உண்மைதானே. எங்கள் சோதனைகளில் எத்தனையை நாங்களும் ஒத்திகை பார்த்துவிட்டே நடத்தியிருக்கிறோம்? அந்த முந்நூற்றுப் பதின்மூன்றில்?

மியாவ் மேலே எழுதிப் போட நினைக்கிறார், வேகம் என்றால் வேகம்தான் என்று. நான் தடுத்தேன். "அவர் சொல்றது சரி சார்." "நீ யார் பக்கம், சின்ன நிங்?" என்றார். என் குடும்பப் பெயர் நிங். நாற்பத்து மூன்று வயதிலும் நான் அவருக்குச் சின்ன நிங்தான்.

மார்ச் 21

தன்லாமியோடு இரண்டு மணி நேரம். பழைய அமெரிக்க விமானங்களில் சரக்கேற்றும் ஆளாகத் தொடங்கியவராம். "ஆளுங்களை மாத்த வேணாம். அவங்களே வரட்டும். யார் எங்க உக்காரணும்னு நான் சொல்றேன். எந்தக் கதவு அடைபடும்னு யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒரு மூட்டை தருவேன். எங்க ஊர்ல யாரும் வெறுங்கையோட வர மாட்டாங்க" என்றார். பிறகு கேட்டார்: "அந்தத் தலைவி அம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமியார்."

"அப்ப நீங்க தைரியசாலி."

கோபித்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். இருந்து சொல்லிக்கொடுக்கிறார். இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தது பாக்கியம். மியாவ் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

மார்ச் 25

மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

ஒவ்வொன்றாக எழுதுகிறேன், மறக்கக் கூடாது. பக்கக் கதவின் கைப்பிடி சிப்பாய் உயரத்தில் இருக்கிறது. பாதிப் பெண்களுக்கு எட்டவில்லை. மூட்டையை விடமாட்டேன் என்று மூன்று பேர். செருப்பைத் தேடி ஒருவர் திரும்பிப் போனார். இதெல்லாம் சரி. இதெல்லாம் சரிசெய்துவிடலாம்.

ஆனால் பாதிப் பேர் இறங்கியதும் ஓட்டம் நின்றுவிட்டது. நடுவில் ஏதோ அடைப்பு. விளக்குப் போட்டு உள்ளே ஓடினேன். வரிசை நடுவில் அத்தை, பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் கொக்கியின் மேல். விரல்கள் வெள்ளை வெளேரென்று. அழுத்துகிறார், அழுத்துகிறார், அது நகரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைத் தாண்டத் தெரியாமல் நின்றார்கள். "உதவி" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

நான் கழற்றினேன்.

தன்லாமி வந்து குனிந்து பார்த்தார். அத்தை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அவர்ட்ட சொல்லு, பெல்ட்டு நல்ல பெல்ட்டு. என் கைதான் கிழடு. இதைச் செஞ்சவ மேல தப்பே இல்ல."

இதைச் செஞ்சவ. நான்தான் அது.

பிறகுதான் அவருடைய பழைய தோழி ஃபாங் ரகசியமாகச் சொன்னார். ஒத்திகையில் பெஞ்சுக்குப் பெல்ட்டே கிடையாது. முதல் சோதனையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அத்தையின் கொக்கியையும் ஃபாங்தான் கழற்றிவிட்டாராம். ரிவெட் துப்பாக்கி முப்பது வருடம் அதிர்ந்த கை அது. குளிரில் விரல் செத்துப்போகும். பத்து வருடமாக மறைத்து வருகிறார். அந்தக் கையால்தான் எனக்குக் கறி வெட்டிக் குழம்பு வைத்திருக்கிறார். நான் ஒரு நாள்கூட அந்த விரல்களைப் பார்க்கவில்லை.

மார்ச் 26

மியாவ் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வழி இருக்கு. பங்கேற்பாளர் ஒருத்தருக்கு உடல்நலக் குறைன்னு எழுது. அவங்களை எடுத்துட்டு மறுபடி ஓட்டு. கைப்பிடியை இறக்கிட்டா தொண்ணூறுக்குள்ள வந்துரும். அவங்களே சொல்லிட்டாங்கல்ல, பெல்ட் மேல தப்பில்லைன்னு."

தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. அத்தையின் மானமும் காப்பாற்றப்படும். என் பெயரும். ஏப்ரலும்.

ஆனால் அந்த நாட்டில் வெள்ளத்திலிருந்து ஏறுகிற கிழவியை யார் எடுத்துவிட்டு ஓட்டுவார்கள்?

மார்ச் 27

பழுது கண்டால் பூஜ்யம் வரைக்கும், அதாவது அதன் வேர் வரைக்கும், திரும்பிப் போக வேண்டும் என்பது எங்கள் வேலையின் சட்டம். எங்கே, ஏன், யாரால் என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும். எழுந்தேன். "கொக்கியின் விசை இருபது வயதுச் சிப்பாயின் விரலை அளந்து வைத்தது. அளந்தது நான். சோதனையில் கழற்ற முடியாமல் போனது என் மாமியார் தோங் குயிச்சின். ரிவெட் வேலையில் கை மரத்தவர். இந்தக் குடியிருப்பிலேயே அப்படி எத்தனை கை இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை."

மியாவ் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணு வாரம் தரேன்" என்றார். கறாரான மனிதர் கொடுத்த மூன்று வாரம். நன்றி சார்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. அத்தை வாசலிலேயே நின்றிருந்தார்.

"என் கை என் விஷயம். அதை ஊர்ச் சபையில வெக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா?"

"உண்மையை மறைச்சா—"

"நான் மறைச்சது எனக்காகவா? ஆலையிலேயே நல்ல கைன்னு பேரு வாங்கினவ நான். அந்தப் பேரு ஒண்ணுதான்டி என்கிட்ட இருந்துச்சு."

கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். இந்த ஒன்று என் தவறு, விமானத்தின் தவறு இல்லை.

மார்ச் 28

பேசவில்லை.

மார்ச் 30

பேசவில்லை. ஆனால் சோறு மூடி வைத்திருந்தது. சூடாக.

ஏப்ரல் 1

சாயங்காலம் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் ஏழு பெண்கள்! அத்தை, ஃபாங், இன்னும் ஐந்து பேர். எல்லாரும் பழைய ரிவெட் கொட்டகை. மேசையில் சூரியகாந்தி விதை, டீ. அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உன் கொக்கிங்களைக் கொண்டா. எதெது இருக்கோ எல்லாத்தையும்."

அலுவலகத்துக்கு ஓடி, கையெழுத்துப் போட்டுப் பதினோரு மாதிரிகளை எடுத்து வந்தேன். குழாயடியில் குளிர்ந்த நீரில் கையை முக்கி, விரல் மரத்ததும் ஒவ்வொன்றாக முயன்றார்கள். "போதும், கை வலிக்கும்" என்றேன். ஃபாங் சிரித்தார்: "மரத்த கைக்கு வலி ஏதும்மா? அதுதானே வசதி."

"இது சனியன்." "இது பரவால்ல." "இதை எவன் செஞ்சான், அவன் கல்யாணத்துக்கு இதையே கட்டிவிடுங்க." (மூன்றாவது மாதிரி. நான் செய்தது.)

விரலால் அழுத்துகிற எதுவும் தேறவில்லை. ஒன்பதாவது, உள்ளங்கை அடியால் தட்டினால் விடுகிற அகன்ற தட்டு. ஏழு பேரும் திறந்தார்கள். ஆனால் அத்தை ஒரு குலுக்குக் குலுக்கி, "மூட்டை பட்டாலே தொறந்துக்கும், பாரு" என்றார். உண்மை. ஓரத்தில் ஒரு வரம்பு உயர்த்த வேண்டும். எங்கே, எவ்வளவு என்று பென்சிலால் அவரே கோடு போட்டுக் காட்டினார். கோடு கோணலாக இருந்தது, அளவு மிகச் சரியாக இருந்தது.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவும்போது அழுதேன். துக்கமில்லை.

ஏப்ரல் 5

கல்லறை துடைக்கும் நாள். மாமனாரின் கல்லறைக்குப் போனோம். களை பிடுங்கி, பழம் வைத்து, ஊதுவத்தி கொளுத்தினேன். அத்தை வழக்கம்போல அவரோடு பேசினார்:

"கேட்டீங்களா, உங்க மருமக என் கையை ஊர் முழுக்கத் தமுக்கடிச்சிட்டா. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அப்புறம் என்னாச்சு தெரியுமா? நம்ம ஃபாங்குக்கும் குளிர் பட்டா அதே கையாம். அவளும் மறைச்சிருக்கா. ஏழு பேரும் ஒருத்திக்கொருத்தி மறைச்சிக்கிட்டே டான்ஸ் ஆடியிருக்கோம். நல்லவேளை, இவ வாயைத் தொறந்தா."

நான் பின்னால் நின்றேன். கேட்க வேண்டும் என்றுதான் பேசினாரோ?

ஏப்ரல் 12

புதுக் கொக்கி தொண்ணூற்றாறும் பூட்டியாயிற்று. கைப்பிடிகள் ஒரு சாண் கீழே. இருக்கைக்கு அடியில் மூட்டை வலை. பொருத்துகிற ஆட்கள் இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. ஒருவரும் மெத்தை என்று சொல்லவில்லை. ஒருவர் மட்டும் "மெத்தை மகாராணி" என்றார். பரவாயில்லை.

ஏப்ரல் 16

மூன்றாம் சோதனை. தன்லாமி சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்தார். ஏறுவதற்கு முன் அத்தை குழுவைப் பார்த்து, "யாராவது எண்ணினீங்க, அடுத்த மாசம் முன்வரிசை கெடையாது" என்றார்.

மணி.

கூச்சல், இடி, ஒரு மூட்டை அவிழ்ந்து முள்ளங்கி உருண்டது. யாரோ புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், அவர் ஏற்கெனவே வெளியே நின்றார். எழுபதாவது வினாடியில் அத்தை இன்னும் வரவில்லை. எண்பது. எனக்கு உள்ளே ஓட வேண்டும் போலிருந்தது. மியாவ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். எண்பத்து மூன்றில் பக்கக் கதவில் அத்தை தெரிந்தார். முன்னால் ஒரு குண்டுத் தாத்தா தயங்க, "எறங்குய்யா, பின்னாடி சனம் நிக்குது!" என்று முதுகில் கை வைத்தார்.

எண்பத்தெட்டு.

அவலட்சணமான எண்பத்தெட்டு. அறுபத்தொன்றைவிட எத்தனை அழகு!

அத்தை என்னைத் தாண்டிப் போகும்போது உள்ளங்கையைக் காட்டினார். சிவந்திருந்தது. "தட்டினேன், விட்டுருச்சு" என்றார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 17

முந்நூற்றுப் பதினான்காம் வரியில் கையெழுத்து. தன்லாமி பேனாவை மூடிவிட்டு, "ஒரு விஷயம். அந்த முதல் அணிவகுப்பு வீடியோ எனக்கு வேணும். என் பொண்டாட்டிக்குக் காட்டணும்" என்றார். கொடுத்தோம்.

ஜூன் 20

நான்காவதும் கிளம்பிவிட்டது. அத்தையின் குழு வேலியோரம் நின்று பார்த்தது. இரண்டாவது தொகுதிக்குப் பேச்சு நடக்கிறது, முடிவு ஆண்டுக் கடைசியில். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டாவது கொட்டகையில் இன்று தரை கழுவினார்கள். யாரும் சொல்லாமல் அவர்களே.

செப்டம்பர் 11

தன்லாமியிடமிருந்து கடிதம். மொழிபெயர்த்த பெண் கையோடு கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆறு கரை உடைத்து எட்டு நாளாம். மேட்டு நிலத்துச் செம்மண் ஓடுதளத்திலிருந்து ஜனங்களை எடுத்துவந்தார்கள். மூன்றாம் நடை, மடியில் குழந்தைகளோடு நூற்றுச் சொச்சம் பேர், மூட்டை முடிச்சோடு. இறங்கும்போது டயர் வெடித்து, சக்கரத்தில் தீப்பிடித்து, உள்ளே புகை. தீ எரிந்த பக்கத்துக் கதவைத் திறக்க முடியாது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஒருவருக்கு முழங்கை சிராய்ப்பு. விமானத்தையும் காப்பாற்றிவிட்டார்கள். எத்தனை வினாடி என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார், மன்னிப்புக் கேட்டு.

அதற்குக் கீழே ஒரு பத்தி. வீட்டுக்கு வந்து அத்தைக்கு உரக்க வாசித்தேன்:

"அதில் ஒரு பாட்டி. வயது எண்பதா, அவருக்கே தெரியாது. விரல்கள் மடங்கிப் போனவை. எங்கள் சிப்பாய் ஒருவன் அவருடைய பெல்ட்டைக் கழற்ற ஓடினான். அதற்குள் அவர் எழுந்து நின்று, வழியை விடு என்று அவனைத் திட்டினாராம்."

அத்தை பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"யாரு கழட்டி விட்டாங்களாம்?"

"யாரும் இல்ல அத்தை. அவங்களேதான்."

"யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல. முதல் தடவை ஏறினவங்க."

அத்தை காய்க் கூடையைத் தள்ளி வைத்தார். துணியில் கையைத் துடைத்தார், விரல் விரலாக. "அந்த இடத்தை மட்டும் இன்னொரு வாட்டி வாசி" என்றார்.

வாசித்தேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை, நானே வாசித்தேன்.